மதுரையிலிருந்து கேம் டெவலப்மென்ட் வேலைக்கு: பெட்டி கட்டும் முன் கேட்கப்படும் கேள்விகள்

மதுரை, திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்துத் தம்பி தங்கைகளும், அவர்களைவிடக் கவலையோடு அவர்களுடைய பெற்றோரும் என்னிடம் கேட்பவை இவை. நான் திருநகர்க்காரன். பெங்களூரில் ஒரு கேம் ஸ்டூடியோவில் சூழல் கலைஞனாக வேலை பார்க்கிறேன். கேமில் நீங்கள் நடந்து போகும் தெரு, சுவர், மரம், தூண் எல்லாம் எங்கள் பிரிவின் கைவேலை. தனித்தனியே எழுதிய பதில்களை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

அண்ணா, இந்த வேலைக்கு மதுரையை விட்டுப் போயே ஆக வேண்டுமா?

கற்றுக்கொள்வதற்குப் போக வேண்டாம். சம்பளத்துக்கு வேலை பார்ப்பதற்கு, பெரும்பாலும் போகத்தான் வேண்டும். இலந்தைகுளத்திலும் வடபழஞ்சியிலும் ஐ.டி. பூங்காக்கள் இருக்கின்றன; அங்கே நடப்பது வேறு வகை வேலை. நூறு பேர் ஒரே கன்சோல் (டி.வி.யில் இணைத்து ஆடும் கருவி) கேமுக்காக உட்கார்ந்திருக்கும் அலுவலகம் நம்மூரில் இல்லை.

வீட்டிலிருந்தே செய்ய முடியாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். அனுபவசாலிகளுக்குச் சில இடங்களில் முடிகிறது. புதிதாகச் சேர்பவர்களுக்கு அரிது. ஒரு காரணம் பாதுகாப்பு: வெளிவராத கேமின் கோப்புகளையும், கன்சோல் நிறுவனங்கள் கொடுக்கும் சோதனைக் கருவிகளையும் அலுவலகத்தைத் தாண்டி எடுத்துப் போக ஒப்பந்தம் இடம் தராது. இன்னொரு காரணம் பக்கத்து நாற்காலி. என் திரையைக் கடந்து போகும் லீட், அதாவது குழுத்தலைவர், நின்று, "இந்தச் சுவரில் மழைத்தண்ணீர் எங்கே வழிகிறது?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார். ஜன்னல் விளிம்பின் இரு முனைகளிலிருந்தும் கீழே இறங்கும் கறை இல்லாமல் சுவர் பொய்யாகத் தெரிந்தது அப்போதுதான் கண்ணில் படும். இந்த மாதிரிக் கேள்வியை யாரும் வீடியோ பாடமாகப் போடுவதில்லை. ஊர் மாறுவதால் கிடைக்கும் பெரிய லாபம் இதுதான், மற்றவையெல்லாம் செலவு.

எந்த ஊருக்குப் போவது?

முதலில் எந்த வேலை என்று முடிவு செய்யுங்கள். ஊர் தானாக வரும்.

பெங்களூரில்தான் ஆட்களும் அதிகம், வேலைகளும் அதிகம். 1997-ல் ராஜேஷ் ராவ் இங்கே தொடங்கிய துருவா இன்டராக்டிவ், வெளிநாட்டு கேம்களுக்குக் கலைப்பணி செய்து கொடுத்து இந்தத் தொழிலுக்கே நாற்றங்காலாக இருந்தது. 2019-ல் அதை ராக்ஸ்டார் கேம்ஸ் வாங்கித் தன் இந்தியக் கிளையோடு சேர்த்துக்கொண்டது. மொபைல் கேம் செய்யும் ஜிங்கா 2010-லேயே இங்கு வந்துவிட்டது. கர்நாடக அரசு அனிமேஷன், கேம் துறைக்கென்று 2012-ல் ஒரு கொள்கையும் 2024-ல் அதன் புதிய வடிவமும் வெளியிட்டது.

புனேயை நம்மவர்கள் யோசிப்பதே இல்லை, யோசிக்க வேண்டும். 2008 முதல் யூபிசாஃப்ட் அங்கே இருக்கிறது, சுமோ டிஜிட்டலும் இருக்கிறது. 'ராஜி' கேமைச் செய்த நாடிங் ஹெட்ஸ், 'இண்டஸ்' கேமைச் செய்த சூப்பர்கேமிங் போன்ற உள்நாட்டு ஸ்டூடியோக்களும் அந்த ஊர்தான். சொந்தக் கதையைச் சொந்தக் கேமாகச் செய்ய விரும்புகிறவனுக்குப் புனே பிடித்துப்போகும். இந்தியோ மராத்தியோ தெரியாமல் முதல் சில மாதங்கள் கொஞ்சம் திணற வேண்டியிருக்கும்.

ஐதராபாத்தில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் இருக்கிறது. புரோகிராமர்களும் டெஸ்டர்களும் பார்க்க வேண்டிய ஊர். சென்னையில் சிறிய ஸ்டூடியோக்கள், மொபைல் கேம், சினிமா கிராபிக்ஸ் (வி.எஃப்.எக்ஸ்.) பக்கத்திலிருந்து வந்த வேலைகள் உண்டு. வைகை எக்ஸ்பிரஸில் வீட்டுக்கு வந்துவிடலாம் என்பதற்காக மட்டும் சென்னையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒரு வேலை போனால் அடுத்த வேலைக்கு அதே ஊரில் எத்தனை கதவுகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். 2025 பிப்ரவரியில் வி.எஃப்.எக்ஸ்., அனிமேஷன் வேலை செய்துவந்த டெக்னிகலர் குழுமம் சரிந்தபோது பெங்களூரிலும் மும்பையிலும் ஏராளமானவர்கள் திடீரென்று வேலையிழந்தார்கள். பக்கத்துத் தெருவில் இன்னொரு ஸ்டூடியோ இருக்கும் ஊர் என்பது அப்படிப்பட்ட நாளில்தான் பொருள்படும்.

'கேமிங் கம்பெனி' என்று விளம்பரம் வருகிறதே, எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. பணம் கட்டி ஆடும் ரம்மி, போக்கர், ஃபேன்டசி கிரிக்கெட் நிறுவனங்களும் தங்களை அப்படித்தான் அழைத்துக்கொண்டன. 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணையவழி விளையாட்டுச் சட்டம் பணம் வைத்து ஆடுபவற்றுக்குத் தடை போட்டது. இ-ஸ்போர்ட்ஸ் எனும் கணினி விளையாட்டுப் போட்டிகளையும் பந்தயப் பணம் இல்லாத விளையாட்டுகளையும் அனுமதித்தது. அதையடுத்துப் பல நிறுவனங்கள் ஆட்களைக் குறைத்தன. அங்கிருந்து வெளியே வந்த அனுபவசாலிகளும் இப்போது உங்களோடு அதே வரிசையில் நிற்கிறார்கள். விண்ணப்பிக்கும் முன், அந்த நிறுவனத்தின் வருமானம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்.

வேலை கிடைத்த பிறகு போவதா, போய் உட்கார்ந்து தேடுவதா?

அதிகம் கேட்கப்படுவது இது. என் பதில் மாறுவதில்லை: வேலையோ, சம்பளத்துடன் கூடிய இன்டர்ன்ஷிப்போ கையில் வந்த பிறகு போங்கள்.

"ஊரில் இருந்தால் யார் கூப்பிடுவார்கள்?" என்பது பலருடைய வாதம். ஸ்டூடியோக்கள் ஆள் எடுக்கும் முறையைப் பாருங்கள். முதலில் போர்ட்ஃபோலியோவை, அதாவது நீங்கள் செய்த வேலைகளின் தொகுப்பை, இணையத்தில் பார்க்கிறார்கள். பிடித்திருந்தால் ஆர்ட் டெஸ்ட்டோ கோடிங் டெஸ்ட்டோ மின்னஞ்சலில் அனுப்புகிறார்கள். சில நாட்கள் அவகாசம் தருவார்கள். பிறகு வீடியோ அழைப்பில் நேர்காணல். கடைசிச் சுற்றுக்கு மட்டும் சிலர் நேரில் கூப்பிடுகிறார்கள். இதில் எந்தக் கட்டத்திலும் நீங்கள் பெங்களூர் மடிவாளாவில் அறை எடுத்துத் தங்கியிருப்பதற்கு மதிப்பெண் கிடையாது. மதுரை கே.கே.நகரில் அம்மா சமையலைச் சாப்பிட்டுக்கொண்டு ஆர்ட் டெஸ்ட் செய்பவன், வாடகைத் தேதியை நினைத்துக்கொண்டு செய்பவனைவிட நன்றாகவே செய்வான்.

வாடகை அழுத்தம் இன்னொன்றும் செய்யும். மூன்றாம் மாதம் பணம் கரைந்ததும் எந்த வேலை வந்தாலும் பிடித்துக்கொள்ளச் சொல்லும். டெக்ஸ்சர் (மாடலின் மேற்பரப்புப் படம்) செய்ய வந்தவர்கள் கால் சென்டரில் இரவுப் பணி பார்ப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். இரவுப் பணி முடித்து வந்தவனுக்குப் பிளெண்டர் என்ற 3டி மென்பொருளைத் திறக்கத் தெம்பு இருக்காது.

விதிவிலக்கு உண்டு. புரோகிராமராக இருந்து, சாதாரண ஐ.டி. வேலை பெங்களூரில் கிடைத்தால், தாராளமாக வாருங்கள். சம்பளம் அங்கே, சனி ஞாயிறில் கேம் ஜாம் (ஓரிரு நாளில் கூடி ஒரு கேம் செய்யும் சந்திப்பு) இங்கே என்று ஆட்களைத் தெரிந்துகொண்டு மெல்ல மாறலாம். அண்ணனோ அக்காவோ அங்கே வீடு வைத்திருந்தாலும் கணக்கு மாறும். ஆட்களைச் சந்திப்பது மட்டும் நோக்கமென்றால் குடிபெயரத் தேவையே இல்லை. இந்தியா கேம் டெவலப்பர் கான்ஃபரன்ஸ் ஆண்டுதோறும் நடக்கிறது. பல ஆண்டுகள் ஐதராபாத்தில் நடந்தது, 2025 நவம்பரில் சென்னைக்கே வந்தது. இரண்டு மூன்று நாள் போய்விட்டுத் திரும்பலாம்.

போர்ட்ஃபோலியோவில் என்ன பார்ப்பார்கள்?

கலைஞர்களுக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். மேலூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவன் திருமலை நாயக்கர் மகாலின் தூண் வரிசையைச் செய்து அனுப்பியிருந்தான். படம் அழகாக இருந்தது. மாடல் எந்தெந்த முக்கோணங்களால் ஆனது என்று காட்டும் வயர்ஃப்ரேமைத் திறந்தேன். ஒவ்வொரு தூணும் தனியாகச் செய்யப்பட்டு, தனித்தனி டெக்ஸ்சரோடு, லட்சக்கணக்கான முக்கோணங்களோடு நின்றது. கீழே நின்று பார்ப்பவன் கண்ணுக்கே படாத தூண் தலையில் பாதிச் செலவு போயிருந்தது.

கேமில் அப்படிச் செய்ய முடியாது. நொடிக்கு 60 ஃபிரேம் (திரையில் தோன்றும் படம்) ஓட வேண்டுமென்றால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 16.67 மில்லி நொடி. அதற்குள் தூண், ஒளி, நிழல், ஓடிவரும் எதிரி எல்லாவற்றையும் வரைந்து முடிக்க வேண்டும். ஆகவே ஒரே தூண், பல பிரதிகள். சுதை வேலைப்பாட்டை நுணுக்கமான மாடலில் செதுக்கி, அதை நார்மல் மேப்பாக (மேடு பள்ளம் இருப்பதுபோல் காட்டும் படம்) எடுத்து, சில ஆயிரம் முக்கோணமே உள்ள எளிய தூணின் மேல் போர்த்துவார்கள். வளைவுகளின் விளிம்புப் பட்டைகள் எல்லாம் பட்டை வடிவங்களைச் சேர்த்து வைத்த ஒரே படமான டிரிம் ஷீட்டிலிருந்து வரும். தூரத்துத் தூணுக்கு இன்னும் எளிய வடிவம். இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். கூடவே, மகாலுக்கு நேரில் போய்த் தூணின் அடிப்பாகத்தைப் பார்க்கச் சொன்னேன். ஆட்கள் சாய்ந்து சாய்ந்து தோள் உயரத்தில் ஏறிய பிசுக்கும், பெயர் கீறிய தடங்களும் அடுத்த பதிப்பில் இருந்தன. அந்த ஒரு காட்சி, அதன் வயர்ஃப்ரேம், டெக்ஸ்சர் விவரத்தோடு, அவனுக்கு நேர்காணல் வாங்கிக் கொடுத்தது.

அரைகுறையாகப் பத்து வைப்பதைவிட முடித்த மூன்று போதும். மிக மோசமான வேலையை வைத்துத்தான் உங்களை எடைபோடுவார்கள், அதை நீக்கிவிடுங்கள்.

நான் புரோகிராமர். எனக்கு?

சிறிய கேம், ஆனால் தொடக்கம் முதல் முடிவு வரை ஆடக்கூடியது. மெனு, ஒலி, இடைநிறுத்தம், தோற்றால் மறுபடி தொடங்குவது எல்லாம் இருக்க வேண்டும். நேர்காணலில் கேட்பது சின்ன விஷயமாகத்தான் இருக்கும். "உன் கேமில் குதிப்பது ஏன் நன்றாக இருக்கிறது?" என்று கேட்டால் பதில் வேண்டும். மேடை விளிம்பைத் தாண்டிச் சில ஃபிரேம் கழித்துப் பொத்தானை அழுத்தினாலும் குதிக்க விட்டிருக்கிறேன், ஆடுபவருக்கு அது நியாயமாகத் தோன்றும் என்று சொல்லத் தெரிந்தவனுக்கு வேலை தெரியும். கேம் செய்யும் மென்பொருள்களில் யூனிட்டிக்கு சி ஷார்ப், அன்ரியலுக்கு சி பிளஸ் பிளஸ். உங்கள் நிரலைக் கிட்ஹப் தளத்தில் வையுங்கள். விலை குறைந்த ஆண்ட்ராய்டு போனில் ஓட்டிக் காட்டினால் தனி மரியாதை.

கதை, ஐடியா எல்லாம் நிறைய இருக்கிறது. டிசைனர் ஆகலாமா?

ஐடியாவுக்குச் சம்பளம் இல்லை. ஒரு லெவலைக் கட்டி, நான்கு பேரை ஆட விட்டு, அவர்கள் எங்கே தடுமாறினார்கள், அதனால் எதை மாற்றினீர்கள் என்று காட்டுங்கள்.

டெஸ்டராகச் சேர்ந்து உள்ளே நுழையலாமா?

நுழையலாம், கண்ணைத் திறந்துகொண்டு நுழையுங்கள். பல டெஸ்டிங் வேலைகள் ஒப்பந்த அடிப்படையில் இருக்கும், திட்டம் முடிந்தால் ஒப்பந்தமும் முடியும். ஒரே கதவை நூறு முறை திறந்து மூடுவதுதான் வேலை. அங்கிருந்து தயாரிப்பு மேலாண்மைக்கும் டிசைனுக்கும் போனவர்கள் உண்டு. கலைப் பிரிவுக்குத் தாவுவது கடினம், அதற்குத் தனியாகப் போர்ட்ஃபோலியோ வேண்டும். "கேம் நின்றுவிட்டது" என்று எழுதுபவனைவிட, "படகில் ஏறும்போதே வரைபடத்தைத் திறந்தால் நிற்கிறது, ஐந்துக்கு நான்கு முறை" என்று எழுதுபவன் சீக்கிரம் மேலே போவான்.

கோர்ஸில் சேர வேண்டுமா? லட்சங்களில் கேட்கிறார்கள்.

பெங்களூரிலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் டிஜிட்டல் கேம் டிசைனுக்கு முதுநிலைப் படிப்பு இருக்கிறது. நுழைவுத்தேர்வு எழுதித்தான் போக வேண்டும். கிடைத்தால் யோசிக்காமல் சேருங்கள். தனியார் பயிற்சி மையங்கள் பக்கம் போவதற்கு முன், சென்ற ஆண்டு முடித்த மாணவர்களின் போர்ட்ஃபோலியோவைக் காட்டச் சொல்லுங்கள். விளம்பரச் சுவரில் ஒட்டியிருக்கும் நான்கு பேருடையது போதாது, வகுப்பு முழுவதும் வேண்டும். பாடம் எடுப்பவர் எந்தக் கேமில் வேலை செய்தார் என்று கேளுங்கள். பதில் சுற்றி வளைத்து வந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம்.

வேலை தருவதற்குப் பணம் கேட்பவர்கள், 'பயிற்சி வைப்புத்தொகை' கேட்பவர்கள், அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்பவர்கள் எவரிடமும் நிற்க வேண்டாம்.

கம்ப்யூட்டர், மென்பொருள் செலவு?

பிளெண்டர், கேம் செய்யும் கோடாட், ஓவியம் வரையும் கிருதா மூன்றும் முழுக்க இலவசம். யூனிட்டியின் தனிநபர் பதிப்பு ஆண்டு வருமானம் 2 லட்சம் டாலரைத் தாண்டும் வரை இலவசம். அன்ரியல், ஒரு கேம் 10 லட்சம் டாலர் ஈட்டிய பிறகே 5 சதவீதம் கேட்கிறது. அந்தப் பிரச்சினை நம் எல்லோருக்கும் வரட்டும். அரசு கொடுத்த மடிக்கணினியிலேயே கோடாட்டில் 2டி கேம் செய்யலாம். அன்ரியலுக்குத்தான் தனி கிராபிக்ஸ் கார்டும் குறைந்தது 16 ஜி.பி. ரேமும் தேவைப்படும்.

சம்பளம் எவ்வளவு? கையில் எவ்வளவு வைத்துக்கொண்டு கிளம்பலாம்?

தொடக்க வேலைகள் பலவற்றில் சம்பளம் ஆண்டுக்கு 3 முதல் 5 லட்சத்துக்குள் இருக்கும். கடிதத்தில் 3.6 லட்சம் என்றிருந்தால் மாதம் 30,000 என்று வகுக்காதீர்கள். நிறுவனம் கட்டும் பி.எஃப். பங்கும் அதற்குள்தான் இருக்கும். பி.எஃப். 15,000 ரூபாய் வரம்பில் பிடிக்கப்பட்டால் அவர்கள் பங்கு 1,800, உங்கள் பங்கு 1,800. கர்நாடகத் தொழில்வரி 200. கைக்கு வருவது 26,200. இன்ஷூரன்ஸ், ஆண்டு இறுதியில் தரும் ஊக்கத்தொகை என்று ஏதேனும் உள்ளே ஒளிந்திருந்தால் இன்னும் குறையும். கடிதம் வந்ததும் "மாதம் வங்கியில் எவ்வளவு விழும்?" என்று எச்.ஆரிடம் நேராகக் கேட்டுவிடுங்கள். அதில் கூச்சம் வேண்டாம்.

முதல் சம்பளம் வரும் வரையிலான செலவு, தங்குமிட அட்வான்ஸ், பாத்திரம் பண்டம் எல்லாம் சேர்த்து 60,000 ரூபாயாவது இருந்தால் நிம்மதி. நகை அடகு வைத்துத்தான் அந்தத் தொகை வரும் என்றால், இன்னும் ஆறு மாதம் ஊரிலிருந்து போர்ட்ஃபோலியோவை வலுப்படுத்துவதே நல்லது என்பேன்.

எங்கே தங்குவது?

முதலில் பி.ஜி. (சாப்பாட்டோடு தங்கும் விடுதி); வீடு பிறகு. வாடகை வீட்டுக்குப் பத்து மாத அட்வான்ஸ் கேட்பது பெங்களூரின் பழைய வழக்கம். இப்போது பல இடங்களில் குறைந்திருக்கிறது, முழுவதும் போய்விடவில்லை. காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வார்கள்; ஒப்பந்தத்தில் பாருங்கள். அலுவலகத்துக்குப் பக்கத்தில் எடுங்கள். வரைபடத்தில் 8 கிலோமீட்டர் என்றிருப்பது மாலையில் ஒன்றரை மணி நேரமாகிவிடும். 2025 ஆகஸ்ட்டில் மஞ்சள் மெட்ரோ வந்தபின் சில்க் போர்டு, எலக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் மூச்சு விட முடிகிறது.

ஊருக்கு வர மாட்டுத்தாவணி பஸ்கள் இருக்கவே இருக்கின்றன. தூத்துக்குடி – மைசூரு எக்ஸ்பிரஸ் இரவு ரயில். 2024 ஆகஸ்ட் 31 முதல் வந்தே பாரத்தும் ஓடுகிறது. விடியும் முன் மதுரையில் ஏறினால் பிற்பகலில் பெங்களூரு. செவ்வாய்க்கிழமை கிடையாது. பொங்கலுக்குக் கர்நாடகத்தில் சங்கராந்தி ஒருநாள்தான் விடுமுறை. கள்ளழகர் ஆற்றில் இறங்குவதற்கு விடுமுறையே இல்லை. வேலையில் சேர்ந்த முதல் வாரமே சித்திரை முழுநிலவுத் தேதியை லீடிடம் சொல்லி வைத்துவிடுவது என் வழக்கம்.

தமிழ் போதுமா?

அல்சூர், மடிவாளா பக்கம் போதும். அதற்காகக் கன்னடம் கற்காமல் இருக்காதீர்கள். வீட்டு உரிமையாளர், ஆட்டோக்காரர், காவலாளி ஆகியோரிடம் நாலு வார்த்தை அவர்கள் மொழியில் பேசினாலே முகம் மலரும். அலுவலகத்தில் ஆங்கிலம், இலக்கணம் சற்றுத் தவறினாலும் பரவாயில்லை, உங்கள் வேலையை விளக்கத் தெரிந்தால் போதும்.

தம்பி, என் மகள் இந்த வேலைக்குப் போகிறேன் என்கிறாள். விளையாட்டுதானே என்று சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள். அனுப்பலாமா?

அம்மா, பி.எஃப்., வருமான வரி, அலுவலக நேரம் எல்லாம் உள்ள மாதச் சம்பள வேலைதான் இது. நிலையானதா என்று கேட்டால், அரசு வேலை போல இல்லை. 2023, 2024 ஆண்டுகளில் உலகெங்கும் பெரிய ஸ்டூடியோக்கள் ஆயிரக்கணக்கானவர்களை நீக்கின. கேம் வெளியாகும் நேரத்தில் இரவு வெகுநேரம் வேலை இருக்கும். வண்டி அனுப்புவார்களா என்று மகளைக் கேட்கச் சொல்லுங்கள். முதல் முறை நீங்களும் கூடப் போய் பி.ஜி.யைப் பாருங்கள், சாப்பாட்டு நேரத்தில் போனால் இன்னும் நல்லது. சிரிக்கிற சொந்தக்காரர்களின் பிள்ளைகள் இரவெல்லாம் போனில் ஆடுவதும் யாரோ மாதச் சம்பளத்துக்குச் செய்து கொடுத்ததுதான்.

வேலையில் சேர்ந்த பிறகு போர்ட்ஃபோலியோ தானாக வளர்ந்துவிடும் அல்லவா?

நின்றுவிடும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. இந்தியாவில் நிறைய ஸ்டூடியோக்கள் வெளிநாட்டுக் கேம்களுக்கு ஒப்பந்தப் பணி செய்பவை. செய்ததை வெளியே காட்ட மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். கேம் வெளிவர ஆண்டுகள் ஆகலாம், பாதியில் கைவிடவும் படலாம். அப்படியானால் இரண்டு ஆண்டு உழைத்தும் காட்ட ஒன்றும் இராது. ஆகவே மாதத்தில் சில மணி நேரம் சொந்தமாக ஏதாவது செய்துகொண்டிருங்கள். சொந்த நேரத்தில் செய்வதும் நிறுவனத்துக்கே சொந்தம் என்று சில ஒப்பந்தங்களில் ஒரு வரி இருக்கும். கையெழுத்திடும் முன் அதைத் தேடுங்கள்.

எங்கும் போகாமல், மதுரையிலிருந்தே கேம் வெளியிட்டால்?

வெளியிடலாம். கூகுள் பிளேயில் ஒருமுறைக் கட்டணம் 25 டாலர், கணினி கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் ஒரு கேமுக்கு 100 டாலர், இட்ச்.ஐஓவில் கட்டணமே இல்லை. பிளேயில் புதிய தனிநபர் கணக்கென்றால் 12 பேரை வைத்து 14 நாள் சோதித்துக் காட்ட வேண்டும்; கல்லூரி நண்பர்கள் அதற்குத்தான் இருக்கிறார்கள். அதிலிருந்து சோறு கிடைக்கும் என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள். நம் விஷயத்துக்கு வெளியே மதிப்பில்லை என்றும் நினைக்காதீர்கள்: தமிழ்க் குடும்பம் ஒன்றின் சமையலை வைத்து 2023-ல் வந்த 'வெண்பா' அடுத்த ஆண்டே பிரிட்டனின் பாஃப்டா வழங்கும் அறிமுக விளையாட்டு விருதைப் பெற்றது. அதைச் செய்தவர்கள் டொராண்டோவில் இருக்கிறார்கள். அதுவும் ஸ்டூடியோக்கள் நிறைந்த ஊர்தான்.

என் போர்ட்ஃபோலியோவை உங்களுக்கு அனுப்பலாமா?

அனுப்புங்கள். இணைப்பாக அனுப்புங்கள், போனில் திறக்க வேண்டும், எந்த வேலைக்கு என்று முதல் வரியில் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் 'ஃபைனல் ஃபைனல் 2' என்ற பெயரில் வரும் ஜிப் கோப்புகளை நான் திறப்பதில்லை.